மறுபாதியில் அடித்த எண்

மெக்கானிக் க்ளெனை நான் முதல் நாளே நம்பவில்லை. எங்கள் காரின் பின்பக்க மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தவன், கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு சிரித்தான். அடுத்தவர் பொருளைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறவர்களைக் கோலார் தங்கவயலில் முப்பது வருடம் பார்த்தவன் நான்.

“அங்கிள், அறுபத்தேழு மாடல் பீட்டில். ஒரிஜினல் ஆயிரத்து ஐநூறு சி.சி. எஞ்சின் கேஸ்ல ஒருத்தனும் கை வைக்கல. இன்னிக்கு இந்த மாதிரி எங்க கிடைக்கும்?”

“கிடைக்காது. அதனாலதான் கூடவே இருந்து பார்க்கப் போறேன்.”

“தாராளமா பாருங்க. ஸ்டூல் போட்டுத் தரேன்.”

என் மகன் உதயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு மெட்ரோ டிப்போவில் ரயில் பெட்டிகளைப் பராமரிக்கிற வேலை. காக்ஸ் டவுனில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பழைய கார்களை மட்டுமே பார்க்கிற க்ளெனைக் கண்டுபிடித்தவன் அவன்தான். இருவரும் ஒருவரையொருவர் ‘மேன்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கார் எங்கள் குடும்பத்துக்கு என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் அய்யாவு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஆட்களையும் கல்லையும் கூண்டில் ஏற்றி இறக்குகிற இயந்திரத்தை ஓட்டியவர். புது இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜெர்மன் துரை ஒருவர், 1969இல் ஊர் திரும்பும்போது தன் காரை அப்பாவுக்குச் சகாய விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் அன்று சைக்கிள் வைத்திருந்தவனே பெரிய மனிதன். கார் வந்த பத்தாம் நாள், சுரங்கத்தின் காவல் பிரிவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தங்கம் கடத்தாமல் இவனுக்கு ஏது கார் என்று, தெருவே நின்று பார்க்க, எங்கள் அடுப்படித் தரையைக் கடப்பாரையால் தோண்டினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா சோற்றுப் பானையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். வைக்க இடமில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா, துரை கொடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினார். தட்டச்சு செய்த கடிதம். எஞ்சின் எண், சேஸ் எண், கீழே துரையின் கையெழுத்து. படித்துவிட்டுப் போனார்கள். தோண்டிய தரையை யாரும் மூடித் தரவில்லை.

அந்த ஐவரில் இளையவர் கஸ்தூரிரங்கன். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், தங்கவயலிலேயே ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறார். கடிதம் உண்மை, ஆனால் கடிதத்தில் இருக்கிற கார் வேறு, அய்யாவு வீட்டுக் கார் வேறு என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவயல் மைதானத்தில் கூடுவதாக இருந்தது. அந்தக் காரிலேயே போய் இறங்கி, கடிதத்தை அவர் கையில் கொடுத்து, எஞ்சினில் இருக்கிற எண்ணை அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. எஞ்சின் எண் மாறினால் என் தகப்பனார் திருடர். மாறாவிட்டால் இல்லை.

ஆனால் கார், எங்கள் வீடு இப்போது இருக்கிற மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரி வரை போவதற்குள்ளேயே புகை கக்கியது. கே.ஆர்.புரம் பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த டெம்போக்காரன் ஹாரன் அடித்தே எங்களைத் தள்ளினான். எஞ்சினைத் திறக்காமல் வேறு வழியில்லை.

“திறக்கத்தான் போறோம், அப்பவே கொஞ்சம் பவரும் ஏத்திடலாம் அங்கிள்” என்றான் க்ளென். “பெரிய செலவு வேணாம். டபுள் கார்புரேட்டர், ரேஸ் கேம்ஷாஃப்ட் எல்லாம் ஷோவுக்கு. ஆயிரத்து அறுநூறோட பேரல், பிஸ்டன் செட் இந்தக் கேஸ்லயே அப்படியே உக்காரும். கேஸை அறுக்கவே வேணாம்.”

“அறுக்க வேணாம்னு நீயா ஏன் சொல்றே? நான் கேட்கலையே.”

க்ளென் உதயாவைப் பார்த்தான். உதயா மேற்கூரையைப் பார்த்தான்.

“சொல்லணும்னு சொன்னேன். அப்புறம் ஹெட்ல காத்து போற வழியும் மேனிஃபோல்டு வாயும் ஒண்ணோட ஒண்ணு சேரல, படி மாதிரி நிக்குது. அதை ஃபைல் போட்டுச் சமமாக்குவேன். கைவேலை, பைசா செலவில்ல. கனெக்டிங் ராடு நாலையும் ஒரே எடைக்குக் கொண்டுவரணும். தீப்பொறி குடுக்கிற பாயிண்டைத் தூக்கிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எலக்ட்ரானிக் கிட் ஒண்ணு. வெளிய பார்த்தா தெரியவே தெரியாது.”

வெளியே பார்த்தால் தெரியாது. அந்த வார்த்தையை நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இவன் இன்னும் எதையெல்லாம் வெளியே தெரியாமல் செய்வான்?

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவன் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். மடியில் ஒரு நோட்டு. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எழுதினேன். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் அதைச் சுற்றித் தகடுகளாக மூடியிருந்தது. அதில் இரண்டு தகடுகள் இல்லை என்று க்ளென் சொன்னபோது, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“நேத்து இருந்துச்சா?”

“ஐயோ அங்கிள், முப்பது வருஷமா இல்ல. முன்னாடி பார்த்த மெக்கானிக் எவனோ திருப்பிப் போடாம விட்டிருக்கான். அதான் சூடு ஏறி எஞ்சின் செத்துப்போச்சு. இந்தத் தகடைப் போட்டாலே பாதிப் பவர் திரும்ப வந்துடும். நம்புங்க.”

நம்புங்க என்று சொல்கிறவனை எப்படி நம்புவது?

கனெக்டிங் ராடுகளை எடை போட அவன் அம்மா மௌரீனின் கேக் தராசைக் கொண்டுவந்தான். கனமான ராடுகளை ஓரத்தில் ராவி, நான்கையும் லேசான ராடின் எடைக்கு இறக்கினான். கீழே விழுந்த இரும்புத் தூளைத் துடைப்பத்தால் கூட்டப் போனவனை நிறுத்தினேன்.

“அந்தத் தூள் எங்க வண்டியோடது.”

“தூளா?”

“காகிதத்துல மடிச்சுக் குடு.”

எங்கள் ஊரில் தூள் என்றால் சும்மா இல்லை. அரைத்த கல்லின் தூளில்தான் எல்லாமே இருந்தது. க்ளென் தூளைப் பழைய பேப்பரில் கட்டி, அதன்மேல் என் பெயரை எழுதிக் கொடுத்தான். கிண்டல் என்று தெரியும். வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். கிராங்ஷாஃப்டை சிவாஜிநகரில் லேத் வைத்திருக்கிற பத்ரிநாத்திடம் கொண்டுபோகிறானாம். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் கொடுக்கிறானாம்.

“பையைத் திற” என்றேன்.

“என்ன?”

“உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டு அனுப்புறேன்.”

சமையலறை ஜன்னலில் மௌரீன் நின்றிருந்தாள். எழுபது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள்.

“மிஸ்டர் குணசேகர், இது எங்க வீடு. எங்க வீட்டுல என் பிள்ளை பையை நீங்க செக் பண்றீங்களா?”

“பொருள் எங்களோடது மேடம்.”

க்ளென் பையைத் திறந்து பெஞ்சின்மேல் கொட்டினான். கிராங்ஷாஃப்ட், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை. டிபன் பாக்ஸின் மூடியையும் அவனே திறந்து காட்டினான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பேரிங் பார்க்கக் கேஸையும் அங்கேயே அனுப்பினான்; இரண்டு பாதியும் பழைய கறையோடு திரும்பி வந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை. அந்த எஞ்சினின் வெளிக்கூடான கேஸ், நடுவில் பிளந்த தேங்காய்போல இரண்டு பாதி. எண் இருப்பது ஒரு பாதியில் மட்டும். மறுபாதியை இவன் இனிமேல் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? நல்ல கேஸுக்கு எத்தனை பேர் அலைகிறார்கள் என்று அவனே சொல்லியிருந்தான்.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவிகள் காணாமல் போகாமலிருக்க அவரவர் டோக்கன் எண்ணை அவற்றில் அடித்துவிடுவோம். அப்பாவின் எண் 2714. பித்தளை டோக்கன் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தர் படத்துக்குக் கீழே தொங்குகிறது. அவர் அடிக்கப் பயன்படுத்திய எஃகு எண் அச்சுகளும் என்னிடம் இருந்தன.

கேஸை மூடப்போகிற நாளன்று அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். க்ளென் காலையிலேயே இரண்டு பாதிகளின் விளிம்பையும் எண்ணெய்க் கல்லால் தேய்த்து, நகத்தால் தடவிப் பார்த்து வைத்திருந்தான். பிறகு சாப்பிட வீட்டுக்குள் போனான். எனக்குப் பத்து நிமிடம் போதும். எண் இல்லாத பாதியை எடுத்தேன். வெளிப்பக்கம் அடித்தால் பார்த்துவிடுவான், உள்ளே அடித்தால் ராவிவிடுவான். ஆகவே இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேருகிற விளிம்பிலேயே, அகலமாக இருந்த இடத்தில், நான்கு எண்களையும் அடித்தேன். மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. எஞ்சினைப் பிரிக்காமல் யாரும் அழிக்கவும் முடியாது. அவன் வந்து, பசை தடவி, மூடி முறுக்கினான். நான் ஸ்டூலில் அமர்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் கார் தயாரானது. ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அப்பா காலத்தில்கூட அது அப்படி ஓடியதில்லை. கே.ஆர்.புரம் பாலத்தை மூன்றாவது கியரிலேயே ஏறியது. உதயா, “நைனா, சும்மா ஒரு தடவை க்ளெனுக்கு தேங்க்ஸ் சொல்லக் கூடாதா?” என்றான்.

“பார்க்கலாம்” என்றேன்.

மூன்றாம் நாள் காலை காருக்கு அடியில் உள்ளங்கை அளவு எண்ணெய். நான்காம் நாள் தட்டு அளவு. ஐந்தாம் நாள் எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு மினுக்கியது. கூட்டத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

நேராகக் காரைக் காக்ஸ் டவுனுக்கு விட்டேன். உதயாவும் லீவு போட்டுவிட்டு வந்தான்.

“பாதி கேஸை மாத்திட்டே. ஜோடி சேரல, அதான் ஒழுகுது” என்றேன்.

க்ளென் ஸ்பானரைக் கீழே வைத்தான். “என்ன சொல்றீங்க அங்கிள்?”

“நல்ல பாதியை வித்துட்டு எவனோட பாதியையோ வெச்சு மூடிட்டே. திற. எங்க பாதியா இல்லையான்னு எனக்குத் தெரியும்.”

“நைனா!”

“நீ சும்மா இருடா. திறக்கட்டும்.”

என்னிடம் அடையாளம் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. விளிம்பில் 2714 இருக்காது, அதை வைத்து இவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தலாம் என்று நிச்சயமாக நம்பினேன்.

எஞ்சினைக் கீழே இறக்கி, பேரல், பிஸ்டன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேஸைப் பிரிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அவன் அந்த ஒன்றரை நாளும் எதுவானாலும் உதயாவிடமே கேட்டான். மௌரீனும் ஜன்னல் பக்கம் வரவில்லை. உதயா மட்டும் உதவிக்கு நின்றான்.

கேஸ் இரண்டாகப் பிரிந்தது. க்ளென் ஒட்டியிருந்த பசையைத் துணியால் துடைத்தான். விளிம்பில் விரலை ஓட்டியவன், சட்டென்று நிறுத்தினான். மறுபடி ஓட்டினான்.

“எவனோ இங்க நம்பர் அடிச்சிருக்கான். ரெண்டு, ஏழு, ஒண்ணு, நாலு.”

எண் இருந்தது. எங்கள் பாதிதான்.

“பாரு மேன்” என்று உதயாவிடம் காட்டினான். “அடிச்ச இடத்துல சுத்தியும் உலோகம் மேடு தட்டி நிக்குது. இந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல கேஸ்கெட், பேக்கிங் எதுவுமே கிடையாது. வழவழன்னு முகத்துக்கு முகம் உக்காரணும். மேடு இருந்தா எப்படி மூடும்? பேரிங்கும் பிடி விட்டுரும்.”

சுரங்கத்தில் எந்த மூட்டுக்கு நடுவிலும் கட்டியாகப் பேக்கிங் வைப்பார்கள். இங்கேயும் வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவைப்போல நானும் வைண்டிங் டிரைவர்; டிரைவர் ஸ்பானரைத் தொடக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஓட்டத் தெரியும், கேட்கத் தெரியும். பூட்டத் தெரியாது.

உதயா அந்த எண்ணைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து கூடத்துச் சுவரில் அவன் பார்த்துவரும் எண். பிறகு என்னைப் பார்த்தான்.

“பத்ரியோட வேலைதான்” என்றான் க்ளென். “மெயின் பேரிங் சரியா உக்காருதான்னு பார்க்க கேஸையும் அவன்கிட்ட அனுப்பினேன். லேத் கடையில ஜாப் நம்பர் அடிப்பாங்க. ஆனா ஃபேஸ்லயா அடிப்பான்? நான் தடவிப் பார்த்தேனே, எப்படித் தப்புச்சு?” என்று முனகியபடி போனை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தான். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“பத்ரி, பீட்டில் கேஸ் ஃபேஸ்ல ஜாப் நம்பர் அடிச்சியா நீ?”

“நானா? எதுக்கு குரு ஃபேஸ்ல அடிப்பேன்? பைத்தியமா எனக்கு?”

“அடிச்சிருக்கே மேன். எஞ்சினே போச்சு. கஸ்டமர் என்னைத் திருடன்னு சொல்லிட்டு நிக்கிறார்.”

“நான் அடிக்கல. என் பிள்ளைங்க மேல ஆணையா அடிக்கல.”

“பொய் சொல்லாதே பத்ரி.”

அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த லேத் நின்றது.

“சரி, வா. வந்து என் கடையில எந்த நம்பர் பஞ்ச் இருக்குன்னு தேடிப் பாரு. எல்லாத்தையும் கொட்டிப் பாரு. வேணும்னா தரையைத் தோண்டிப் பாரு. பன்னெண்டு வருஷத்துக்கு இதான் மரியாதைன்னா வந்து தோண்டிட்டுப் போ.”

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். நான் பேசாமலிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துபோகும். க்ளெனும் பத்ரிநாத்தும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள், என் பெயர் எதிலும் வராது. உதயாவும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் இன்னும் ஐம்பது வருடத்துக்கு ஒரு மனிதனைத் தப்பு செய்தவன் என்று ஊரார் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அய்யாவுவின் மகன் அதற்குச் சாட்சியாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான்.

“போனை வைக்காதே” என்றேன். “பத்ரிநாத் அடிக்கல. நான்தான் அடிச்சேன். அது எங்க அப்பாவோட டோக்கன் நம்பர்.”

பையைத் திறந்து, எண் அச்சுகள் இருந்த தகரப் பெட்டியை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தேன்.

“எப்போ?” என்றான் க்ளென்.

“நீ சாப்பிடப் போனப்ப.”

வீட்டுக்குள்ளிருந்து மௌரீன் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“மிஸ்டர் குணசேகர்,” என்றாள், “உங்க பையை நாங்க ஒரு நாளும் செக் பண்ணலையே.”

எழுபத்து நான்கு வயதில், அந்நியர் வீட்டு ஷெட்டில், என் மகனுக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன். அடுப்படியைத் தோண்டிய அன்றுகூட அப்பா தலை குனியவில்லை. அவர் தப்பு செய்யவில்லை. நான் செய்திருந்தேன்.

போனில் பத்ரிநாத் பெரிதாக மூச்சு விட்டார். “யஜமானரே, நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க. நேர்ல ஒரு தடவை பார்க்கணும் உங்களை” என்றார். போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

க்ளென் எண்ணெய்க் கல்லை எடுத்தான். நான் செலவைப் பற்றி வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அதை உதயாகிட்ட பேசிக்கிறேன். நம்பரை முழுசா அழிக்கவா அங்கிள்?”

“அழிக்காம ஒழுகாதா?”

“மேடு மட்டும் போனா போதும். பள்ளம் ஒண்ணும் பண்ணாது. தாத்தா நம்பர் உள்ளயே இருக்கட்டும். இனிமே இந்தப் பாதியை எவன் திருடினாலும் மாட்டிப்பான்” என்றான். பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். நான் நோட்டை எடுக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் ஷெட்டுக்கே போகவில்லை. வீட்டில் இருந்தது அதைவிடக் கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே ஓட்டினேன். ஹொஸ்கோட்டை தாண்டியதும் லாரிகளை முந்தினேன். உதயா பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை சிவப்பு விளக்கைப் பார்த்தான். நான் பல தடவை பார்த்தேன். எரியவில்லை.

மைதானத்தில் காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கஸ்தூரிரங்கன் கைத்தடியோடு வந்தார். நான் பின்பக்க மூடியைத் தூக்கி, கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, எஞ்சின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். கடிதத்தைப் பார்த்தார். திரும்பவும் எஞ்சினைப் பார்த்தார். நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“நம்பர் சரியாத்தான் இருக்கு” என்றார். “ஆனா நம்பர்தானே குணசேகர். பஞ்ச் இருந்தா யார் வேணும்னாலும் அடிக்கலாமே.”

உதயா ஒரு அடி முன்னால் வந்தான். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். இந்த ஒரு வாக்கியத்துக்காகவா வருடக் கணக்கில் காத்திருந்தேன்? கஸ்தூரிரங்கன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தார். எண் சரி என்று ஒப்புக்கொண்டால், அன்று ஐந்து பேர் சேர்ந்து ஒரு நல்லவர் வீட்டைத் தோண்டினோம் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குப் பதினைந்து நாளுக்கு முன்புதான் தெரிந்தது.

“அடிக்கலாம் சார்” என்றேன். “நானே அடிச்சிருக்கேன். அடிச்சா, அடிச்சேன்னு சொல்லிடணும். எங்க அப்பா அடிக்கல.”

கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டேன். அவர் கைத்தடியை ஊன்றித் திரும்பி நடந்தார். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்தார்களே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் காருக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு நடந்தேன். கதவைத் திறந்தது மௌரீன். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே நான் பையைத் திறந்து காட்டினேன்.